குட்டையர் இனத்தில் இரண்டு பேர்

கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே என்று என் முன்னால் யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிவிடும். சொல்கிறவர் மேலதிகாரியாக இருந்தாலும் சரி, வீட்டுக்கு வந்த விருந்தாளியாக இருந்தாலும் சரி, "எந்தக் குள்ளனை நம்பி நீங்க கெட்டுப் போனீக?" என்று கேட்டுவிடுவேன். இதுவரை ஒருவரும் பதில் சொன்னதில்லை. எதுகை அகப்பட்டுவிட்டால் பழமொழி சொல்கிறவர்களுக்கு நியாயம் எதற்கு?

என் சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி, நாலடியைத் தொட்டும் தொடாத உயரம். கைகால், முகம் எல்லாம் அளவாக, லட்சணமாகத்தான் இருக்கும். மொத்தத்தில் அளவு சிறியது, அவ்வளவுதான். காரைக்குடி செக்காலை ரோட்டில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். கடையில் உயரமான சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவர் இறங்கி வந்தால்தான் வந்தவர்களுக்கு விஷயம் தெரியும். தெரிந்ததும் சிலர் குரலை மாற்றிக்கொண்டு, "தம்பி, மொதலாளி எங்கப்பா?" என்பார்கள். அதற்கெல்லாம் சித்தப்பா சிரிப்பார். எனக்குத்தான் அந்த ஆளின் போனைப் பிடுங்கிச் சாக்கடையில் போடலாமா என்று இருக்கும்.

நான் ஏழாம் வகுப்பு முடித்த கோடை அது. பெங்களூரிலிருந்து அத்தை, மகனையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அத்தை மகனுக்குப் பதினைந்து வயது. பையில் துணியைவிடப் பெரிதாக ஒரு தடிப் புத்தகமும், ஒரு சுருக்குப் பை நிறையப் பல முகம் வைத்த தாயக்கட்டைகளும் கொண்டுவந்திருந்தான். ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் நடக்க வேண்டும். கோட்டை, குகை, ராட்சதன், புதையல் எல்லாம் வாயாலேயே வரும். பூட்டுத் திறந்ததா, வாள் பட்டதா என்பதை மட்டும் இருபது முகம் வைத்த கட்டையை உருட்டிப் பார்த்துச் சொல்வார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த எங்கள் கூடத்தில் அது சலசலவென்று ஓடும். எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது.

விளையாட்டு தொடங்கும்முன் ஒவ்வொருவரும் ஓர் இனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மனிதர், காட்டுத் தேவர், ராட்சதக் கலப்பு என்று வரிசையாகப் படங்கள் இருந்தன. கடைசியில் மூன்றடி உயரத்தில் ஒரு கூட்டம். அதற்கு அத்தை மகன் ஓர் இங்கிலீஷ் பெயர் சொன்னான். எங்கள் வாயில் அது நிற்கவில்லை, குட்டையர் என்று வைத்துக்கொண்டோம். அவன் படித்துச் சொன்னான்: குட்டையருக்குப் பிறப்பிலேயே பலம் குறைவு. பூட்டுத் திறப்பது, அடுத்தவன் பையைத் தடவுவது கைவந்த கலை. பெரிய ஆட்கள் பின்னால் ஒளிந்துகொள்ளத் தெரியும். சாப்பாடு என்றால் உயிர். ஆனால் அதிர்ஷ்டக்காரர்கள். கட்டையில் ஒன்று விழுந்தால் மற்றவர்களுக்கு அதோடு சரி, குட்டையர் மட்டும் இன்னொரு முறை உருட்டலாம்.

எங்கோ கடல் தாண்டி எவனோ உட்கார்ந்து எழுதியிருக்கிறான், அவனும் நம் பழமொழிக்காரன் மாதிரியே எழுதியிருக்கிறான். குள்ளன் என்றால் திருடன். பிறக்கும்போதே இவனுக்கு இது வரும், இது வராது. அதை வழவழத் தாளில் வண்ணப்படத்தோடு அச்சடித்து வேறு வைத்திருக்கிறார்கள்.

அத்தை மகள் காட்டுத் தேவர் இனத்து மந்திரக்காரி ஆனாள். நான் ராட்சதக் கலப்பு வேண்டும், கையில் கோடரி வேண்டும் என்றேன். அத்தை மகன் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். அப்படிப் பார்க்க அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"நீ குட்டையர்டி. உனக்கு அதான் செட் ஆகும்."

"ஏன்டா?"

"ஏன்னா? கண்ணாடியப் போய்ப் பாரு."

நான் கட்டையைத் தூக்கி அவன் நெற்றியில் எறிந்தேன். அது பட்டுத் தெறித்து முற்றத்துக்குள் விழுந்தது. அவன் அலற, அத்தை ஓடிவர, அம்மா என் காதைத் திருக, வீடே அமளிதுமளியானது. ஞாயிற்றுக்கிழமை, கடை அரை நாள்தான். சித்தப்பா அப்போதுதான் சாப்பிட வந்திருந்தார். முற்றத்தில் இறங்கிக் கட்டையைத் தேடி எடுத்து, வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து எங்களோடு உட்கார்ந்தார். என்ன விளையாட்டு என்று கேட்டார். இனங்களின் பட்டியலைக் கேட்டதும் யோசிக்கவே இல்லை.

"எனக்கு அந்த ராட்சசக் கலப்பக் குடு. ஏழடி ஒசரம்."

"மாமா, நீங்க வந்து..." என்று அத்தை மகன் இழுத்தான்.

"வெளியிலதான்டா நான் குள்ளன். இதுலயுமா?"

அவன் ராட்சதக் கலப்பு என்றே எழுதிக்கொண்டான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அப்படியானால் நானும் ஏழடி என்றேன். அப்போது சித்தப்பா என்னைப் பார்த்தார். பிறகு என் முதுகுக்குப் பின்னால் இருந்த அறைக்கதவின் நிலையைப் பார்த்தார். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அம்மா என்னை அந்த நிலையோடு ஒட்டி நிறுத்தி, தலைக்கு மேல் பென்சிலால் கோடு போடுவாள். கீழே கோடுகள் தள்ளித் தள்ளி இருந்தன. மேலே போட்ட கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தடித்துக் கிடந்தன. சித்தப்பா எழுந்து அருகே போய் அதை விரலால் தடவினார். திரும்பி வந்தவர், "இல்லப்பா, என்னையக் குட்டையர்னே போட்டுக்க. இவளும் நானும் ஒரே இனம். அண்ணன் தங்கச்சி" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஏழடி மனிதர் என் கண்முன்னால் மூன்றடியாக இறங்கிவிட்டார். ஒரு பயல் இழுத்துப் பேசினால் போதும், இறங்கிவிடுவதா? சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டேன். சாயங்காலம் எழுந்து விளையாடத்தான் போனேன், அது வேறு விஷயம்.

ஆனால் குட்டையராகச் சித்தப்பா விளையாடியதைப் பார்த்திருக்க வேண்டும். கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்துவிடுவார். ராட்சதனின் கால் இடுக்கில் நுழைந்து மறுபக்கம் போய் அவன் வேட்டியை அவிழ்த்துவிடுவார். மந்திரக்காரி மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் பூட்டைத் திறந்து உள்ளே போய்ச் சோற்றுப் பானையைக் கண்டுபிடித்துவிடுவார். ஒருமுறை கோட்டையின் தொங்குபாலத்தில் நான் உருட்டியதில் ஒன்று விழுந்தது. மறுமுறை உருட்டினேன், அதிலும் ஒன்று. நான் பள்ளத்தில் விழுந்து செத்ததாக அத்தை மகன் சொன்னான்.

"இரு. எனக்கு உள்ள மறுமுறைய இவளுக்குக் குடுக்குறேன்" என்றார் சித்தப்பா.

"அப்படியெல்லாம் ரூல் இல்ல மாமா."

"எங்க இனத்துல உண்டு. ஒம் புஸ்தகத்துல இல்லாட்டி எழுதிச் சேத்துக்க."

நான் உருட்டினேன். பதினேழு. பிழைத்துக்கொண்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அக்காவுக்கு வரன் வந்தது. அக்கா எனக்குப் பத்து வயது மூத்தவள், நல்ல உயரம். மாப்பிள்ளை தேவகோட்டை, அரசாங்க உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். உடனே அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டு யோசனை சொல்ல ஆரம்பித்தார். எங்கள் வீட்டில் யோசனைக்கு எப்போதும் பஞ்சம் இருந்ததில்லை.

பெண்ணின் சித்தப்பா எங்கே என்று கேட்பார்கள். தாம்பூலத் தட்டை அப்பாவும் அவர் தம்பியும் சேர்ந்துதான் நீட்ட வேண்டும், அது முறை. அதனால் சித்தப்பா சிங்கப்பூரில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவது, அவர்கள் வந்துபோகும் வரை அவர் சாமான் அறையில் இருப்பது. எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரில் இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்றார் பெரிய மாமா. அம்மா தயங்கினாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது, தூணுக்குப் பின்னால் நின்ற என் காதில் நன்றாகவே விழுந்தது.

"இந்தா பாருத்தா, குடும்பத்துல ஒன்னுன்னா விதின்னுட்டுப் போயிருவாக. ரெண்டுன்னா வித்துன்னுருவாக."

ரெண்டா? சித்தப்பா ஒருவர்தானே என்று நினைத்துக்கொண்டேன். தூரத்துச் சொந்தத்தில் வேறு யாரோ இருக்கிறார்கள் போல என்று விட்டுவிட்டேன்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. சித்தப்பா மற்றவர்களைப் போல வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கூடத்தில் நிற்க வேண்டும். அவர் கத்துவார், சண்டை போடுவார், அந்தப் பெரிய மாமாவை வாசலைப் பார்த்து நடக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் அவரும் அப்பாவும் அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். அப்பா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். பின்னால் வந்த சித்தப்பா, "சரி, நான் சிங்கப்பூர் போறேன்" என்று சிரித்தார். இந்த மனிதருக்கு ரோஷமே கிடையாதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை அவர்கள் இரண்டு காரில் வந்து இறங்கினார்கள். சித்தப்பா ஒரு செம்பில் தண்ணீரும் நாலு வெள்ளைப் பணியாரமும் எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குள் போனார். பெரிய மாமா வெளித் தாழ்ப்பாளைப் போட்டார். அதைப் போட்ட கையாலேயே வந்தவர்களுக்குக் கும்பிடு போட்டார்.

பெண்ணைப் பார்த்தாயிற்று, எல்லாருக்கும் பிடித்திருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன், கண்டனூர்க்காரர், பணியாரத்தைக் காரச் சட்னியில் தோய்த்தபடியே கேட்டார்.

"பொண்ணோட சித்தப்பா எங்க, காணமே?"

"சிங்கப்பூர்ல இருக்காப்ல" என்றார் பெரிய மாமா.

"அட, எங்க அண்ணன் மகனும் அங்கதான் இருக்கான். நம்பரச் சொல்லுங்க, பேசி வச்சுக்கிருவோம். நாளைக்கு ஒன்னுக்குள்ள ஒன்னாகப் போறோம்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத குடும்பம். சிங்கப்பூரைத் தயார் செய்தவர்கள் நம்பரைத் தயார் செய்திருக்கவில்லை. அப்பாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே நம்பர்தான். பதற்றத்தில் அதையே சொல்லிவிட்டார். நம் ஊர் நம்பராக இருக்கிறதே என்று வந்தவர் கேட்பதற்குள், "அங்க போயும் இதையேதான் வச்சிருக்கான்" என்று பெரிய மாமா ஒட்டுப் போட்டார். கண்டனூர்க்காரர் நம்பரைக் குறித்துக்கொள்ளவில்லை. அங்கேயே அடித்துவிட்டார்.

சாமான் அறைக்குள் பலகையில் இருந்த போன் கொர்ரென்று நடுங்கும் சத்தம் கேட்டது. கண்டனூர்க்காரர் தன் போனை ஒருமுறை உற்றுப் பார்த்தார். மூடியிருந்த கதவை ஒருமுறை பார்த்தார்.

"அலோ, சிங்கப்பூரா? சௌக்கியமா இருக்கீகளா? அங்க மழை கிழை உண்டா?"

"இல்லங்க. இங்குட்டும் வெயில்தாங்க" என்று கதவுக்கு அந்தப் பக்கம் சித்தப்பாவின் குரல் மெல்லக் கேட்டது.

"ஒடம்பப் பாத்துக்கங்க தம்பி" என்று போனை வைத்துவிட்டு, அவர் இன்னொரு பணியாரம் கேட்டார். இவ்வளவு மக்கு மனிதர் கூட உலகத்தில் இருப்பாரா என்று நினைத்தேன். அம்மா அவசரமாகத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அந்த இடத்தில் மாப்பிள்ளையின் அம்மா பேச்சை மாற்ற என்னைப் பிடித்தாள். "சின்னவ என்ன படிக்கிறா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெரிய மாமா சொன்னார்: "நாலாவது."

எட்டாம் வகுப்புக்குப் போகப் போகிறேன். கணக்கில் வகுப்பிலேயே முதல். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையில் இருந்த கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதான் குட்டியா இருக்கா" என்று அந்த அம்மாள் என் கன்னத்தைக் கிள்ளினாள். எல்லாரும் நிம்மதியாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

நான் எழுந்து நேராகச் சாமான் அறைக்குப் போனேன். பழைய கதவு, தாழ்ப்பாள் உயரத்தில் இருந்தது. சித்தப்பா பரணில் எதையாவது எடுக்க வைத்திருக்கும் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். தாழ்ப்பாளை இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தேன். "சித்தப்பா, தொறந்துட்டேன். வெளிய வாங்க" என்று சொல்லிக் கதவைத் தள்ளினேன்.

அசையவில்லை. உள்பக்கம் தாழிட்டிருந்தது.

"போத்தா. போயி உக்காரு" என்றார் உள்ளிருந்து.

"ஏன் சித்தப்பா? வாங்க சித்தப்பா!"

"குட்டையருக்கு ஒளியத் தெரியும்னு புஸ்தகத்துலயே போட்டிருக்குல்ல. வெளையாட்டக் கெடுக்காத."

நான் அந்தக் கதவை உதைத்தேன். கால் நகம் பெயர்ந்து ரத்தம் வரும்வரை உதைத்தேன். அம்மா வந்து என் வாயைப் பொத்திக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை அப்பாவும் சித்தப்பாவும் என்னை மதுரைக்கு, ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பஸ்ஸில் சித்தப்பா வாங்கிக் கொடுத்த முறுக்கை ஜன்னல் வழியே போட்டேன். அங்கே ரத்தம் எடுத்தார்கள், கையைப் படம் பிடித்தார்கள், சுவரோடு நிறுத்தி அளந்தார்கள். கடைசியில் டாக்டர், இனி தினமும் சாயங்காலம் ஊசி, வருஷக்கணக்கில் போட வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. தாழ்ப்பாளைத் திறந்ததற்குத் தண்டனை இது. ஒரு வீட்டின் மானத்தைக் கெடுக்கப் பார்த்தவளுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று அழக்கூட இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஊசி போடக் கற்றுக்கொண்டவர் சித்தப்பா. அப்பா தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டார். அத்தை மகன் ஊருக்குப் போகும்போது அந்த இருபது முகக் கட்டையை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். தினமும் ஆறரை மணிக்கு மருந்தோடு வந்து, அதைத் தரையில் உருட்டுவார். ஒற்றை விழுந்தால் இடது தொடை, இரட்டை விழுந்தால் வலது. "என்ன விழுந்துச்சு, பாருத்தா" என்பார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு காலை நீட்டுவேன். கதவை உதைத்துத் திறக்க முடியாத காலை ஊசிக்குக் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். அப்படி ஒரு வருஷத்துக்கு மேல் அவரோடு பேசவில்லை. அறைக்குள் ஒளிந்த கோழை, இப்போது அவர்கள் சார்பில் என்னைக் குத்தவும் வந்துவிட்டார். என் கணக்கு அதுதான்.

கார்த்திகையில் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. தாலி கட்டி முடியும் வரை சித்தப்பா சமையல் கட்டில் இருந்தார். பந்தியில் கண்டனூர்க்காரர் எங்கிருந்தோ அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "எப்ப வந்தீக சிங்கப்பூர்லேருந்து?" என்று கேட்டுவிட்டு ஓவென்று சிரித்தார். அவர் போன் இரண்டு முறை செக்காலையில்தான் பழுது பார்க்கப்பட்டதாம். அன்றைக்கு எங்கள் கூடத்தில் நம்பரை அடித்தவுடன் 'செல்கடைத் தம்பி' என்று பெயர் வந்து நின்றதாம். அவர் வீட்டில் எல்லாருக்கும் அன்று இரவே சொல்லியும்விட்டாராம். "இதுக்கா இம்புட்டுப் பாடு?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. பெரிய மாமா அப்போது ரசம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா முதல் பிரசவத்துக்கு வந்திருந்தபோதுதான் எனக்கு அதைச் சொன்னாள். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவள் அடுப்படிக்கு அடுத்த அறையில் படுத்திருந்தாள். சித்தப்பா பேசியது முழுக்கக் கேட்டிருக்கிறது.

"அண்ணே, நீங்க சொல்றபடி சிங்கப்பூர் போறேன். சந்திர மண்டலத்துக்கு வேணாலும் போறேன். ஆனா இவுக வந்துட்டுப் போனதும் சின்னவள மருதைக்குக் கூட்டிட்டுப் போகணும். மூணு வருசமா அந்தப் புள்ள வளரல. கதவு நெலையப் போயிப் பாருங்க."

அப்பா சொல்லியிருக்கிறார்: "தெரியும்டா. கல்யாணம் முடியட்டும். இப்ப ஆஸ்பத்திரி, ஊசின்னு அலைஞ்சா வெளிய தெரிஞ்சு போகும்."

"அப்படித்தாண்ணே எனக்கும் சொன்னாக. நம்ம அக்கா கல்யாணம் முடியட்டும்னாக, ஒங்க கல்யாணம் முடியட்டும்னாக. இப்ப நீங்க சத்தியம் பண்ணலைன்னா, நாளைக்கு நான் வாசல்ல சேரப் போட்டு உக்காந்துக்கிருவேன். வாரவுகள நானே வாங்கன்னு கூப்புடுவேன்."

தெரியும்டா என்று சொல்லியிருக்கிறார் அப்பா. தெரிந்தே கோடு மேல் கோடு போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் அம்மா. பெரிய மாமா எண்ணிய இரண்டாவது ஆள் நான்தான். எனக்கு இப்போதும் கோபம் வருகிறது, ஆள்தான் மாறிவிட்டது. பெற்ற பிள்ளையை டாக்டரிடம் காட்ட ஒரு மனிதர் தன்னை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. பெரிய மாமா செத்தபோது கூட எனக்கு அழுகை வரவில்லை.

இப்போது நான் சித்தப்பாவைவிட ஒரு முழம் உயரம். உயரம் ஒன்றும் பெரிய பாக்கியமில்லை. ஆனால் நான் வளர்வதா வேண்டாமா என்பதை அக்காவின் வரன் முடிவு செய்ய அவர் விடவில்லை.

ஒன்று விழுந்தால் இன்னொரு முறை உருட்டலாம் என்பது எங்கள் இனத்துக்கு உள்ள உரிமை. அவருக்கு விழுந்தபோது உருட்டிக் கொடுக்க வீட்டில் ஓர் ஆள் இல்லை. எனக்கு விழுந்தபோது தன் முறையை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டார். அது தெரியாமல் நான் வெளியே நின்று அவர் கதவை உதைத்துக்கொண்டிருந்தேன்.